மூன்று ஏக்கர், இரண்டு குதிரைகள், தரையோடு தேய்ந்த புல்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் பதினான்கு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றும் மட்டக் குதிரை ஒன்றும் இரவு பகலாக மேய்கின்றன. புல் தலைதூக்குவதே இல்லை. களை பெருகுகிறது, வாயிலருகே எப்போதும் சேறு. புல்லே இல்லாத அந்த நிலத்தில் மட்டக் குதிரை மட்டும் கொழுத்துக்கொண்டே போகிறது. போன முறை வந்த லாடக்காரர் அதன் முன்குளம்பின் அடியில், குளம்புச் சுவரும் அடிப்பாகமும் சேரும் வெள்ளைக்கோட்டில், இரத்தக் கறையைக் காட்டினார். நொண்டவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டீர்கள். பெட்டைக் குதிரைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் புழு மருந்து கொடுத்தும் அதன் மயிர் மங்கியே இருக்கிறது. என்ன விதை தூவுவது, என்ன தீவனம் வாங்குவது, எந்தப் புழு மருந்துக்கு மாறுவது, துணைக்கு மூன்றாவது குதிரை சேர்க்கலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் உங்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். விதையும் தீவனமும் மருந்தும் இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் நிலத்தின் வாயிற்கதவு மூடப்படுவதே இல்லை. நீங்கள் தனித்தனியாக எழுதியவற்றில் பெரும்பகுதி அந்த ஒன்றிலிருந்து வருகிறது. ஆனால் அதற்கு முன் குளம்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது காத்திருக்காது.

வெள்ளைக்கோட்டில் இரத்தக் கறை என்பது, சில மாதங்களுக்கு முன் குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மென்தகடுகள் காயப்பட்டிருக்கின்றன என்பதற்கான தடயம். சுவர் மேலிருந்து கீழே வளர்ந்து முடிக்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆகவே நீங்கள் கீழே பார்த்த கறை பழைய செய்தி. குளம்பின் வெளிப்பக்கத்தையும் பாருங்கள். முன்பக்கம் நெருங்கியும் குதிகாலை நோக்கி விரிந்தும் செல்லும் வளையங்கள் இருந்தால், நொண்டல் வெளியே தெரியாமலேயே குளம்பு அழற்சி, அதாவது லாமினைட்டிஸ், வந்து போயிருக்கிறது என்று கொள்ளலாம். கரடான தரையில் தயங்கி நடப்பது, திரும்பும்போது முன்கால்களைக் குறுக்கி வைப்பது, உடல் பாரத்தைப் பின்னங்கால்களுக்குத் தள்ளி நிற்பது, குளம்பு சூடாக இருப்பது, கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி பலமாக அடிப்பது ஆகியவை அடுத்த தாக்குதலின் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒன்றும் காணாவிட்டாலும் இந்த வாரமே அழைத்து இரத்தத்தில் இன்சுலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வயதான குதிரையாக இருந்தால், பருவம் வந்தும் மயிர் உதிராமல் நீளமாகவே இருந்தால், பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறுக்கும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

இன்சுலினை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மேய்ச்சல் நிலத்தில் வரும் குளம்பு அழற்சிகளில் பெரும்பாலானவை அதன் வேலை. 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், நலமாக இருந்த மட்டக் குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினை மட்டும் தொடர்ந்து உயர்த்தி வைத்தார்கள். மூன்று நாட்களுக்குள் அவற்றுக்குக் குளம்பு அழற்சி வந்தது. சர்க்கரை மிகுந்த புல், கொழுத்த உடல், பிடரியடியில் கெட்டியாக மேடிட்ட கொழுப்பு எல்லாம் கடைசியில் இன்சுலினைத்தான் ஏற்றிவிடுகின்றன. ஆகவே மட்டக் குதிரை இன்றே புல்லிலிருந்து வெளியே வர வேண்டும்.

"அங்கே புல்லே இல்லையே, அது எப்படிக் கொழுக்கும்?" என்றுதானே கேட்டிருந்தீர்கள். மாடு நாக்கால் சுருட்டி இழுத்து மேய்கிறது. மேல்தாடையில் முன்பல் இல்லாததால் அதனால் தரையை ஒட்டிக் கடிக்க முடியாது. குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் உண்டு, அசையும் உதடும் உண்டு. மண்ணோடு மண்ணாக ஒட்டிய துளிரையும் அது கிள்ளி எடுத்துவிடும். ஒரு நாளில் 10 முதல் 16 மணி நேரம் வரை மேயக்கூடிய பிராணி அது. நீங்கள் காலையில் பார்ப்பது இரவெல்லாம் தின்று முடித்த மிச்சத்தை. நாள் முழுவதும் முளைப்பது நாள் முழுவதும் வாய்க்குள் போகிறது. குளிர்ப் பிரதேசப் புற்கள் தம் சர்க்கரையைத் தண்டின் அடிப்பகுதியில் சேமிக்கின்றன. ஒட்ட மேய்கிற குதிரை அந்தச் சேமிப்பையே தின்கிறது. வறட்சியாலோ குளிராலோ வளர்ச்சி நின்ற புல், வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையைச் செலவழிக்க வழியில்லாமல் தேக்கி வைக்கும். எனவே குட்டையான புல் கொழுக்க வைக்காது என்பது ஆபத்தான நம்பிக்கை.

அதே காரணத்தால் மேய்ச்சல் நேரமும் முக்கியம். சூரியன் உதித்ததிலிருந்து புல்லில் சர்க்கரை ஏறி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். இரவில் புல் அதைச் செலவழித்து வளர்வதால் விடியற்காலையில் குறைந்திருக்கும். இரவில் வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் இந்தக் கணக்கு பலிக்காது. புல் வளராது, சர்க்கரையும் செலவாகாது. உறைபனி விழுந்த மறுநாள் காலை வெயில் அழகாக இருக்கும். கொழுத்த குதிரையை அப்போது புல்லுக்கு அனுப்பக் கூடாது.

மட்டக் குதிரைக்கு உலர்புல் கொடுங்கள், ஆனால் பட்டினி போடாதீர்கள். குதிரையின் இரைப்பை மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மென்றால்தான் ஊறும். மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரும். கொழுத்த மட்டக் குதிரைக்குத் திடீரென்று தீவனத்தை நிறுத்தினால் உடல் கொழுப்பு இரத்தத்தில் கொட்டி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இளைக்க வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு நாள் தீவனம், ஈரத்தைக் கழித்த உலர் எடைக் கணக்கில், உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் போகக் கூடாது.

அப்படியானால் எடை தெரிய வேண்டும். கண்ணளவில் குதிரையின் எடையைச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. அனுபவசாலிகளும் தாராளமாகத் தவறுகிறார்கள். தையல்காரரின் அளவுநாடாவே போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் கடைசி வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறக்குறைய வந்துவிடும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் 436 கிலோ. அந்தக் குதிரைக்கு இரண்டு சதவீதம் என்றால் ஏறக்குறைய 9 கிலோ உலர் எடை. உலர்புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் தராசில் 10 கிலோ. 250 கிலோ எடையுள்ள மட்டக் குதிரைக்கு ஒன்றரை சதவீதம் என்றால் தராசில் நாலேகால் கிலோ. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், குதிரைக்கும் அப்படித்தான். "இரண்டு கட்டு", "ஒரு அள்ளு" என்பதெல்லாம் அளவே இல்லை. ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் எடை பாதிக்குப் பாதி மாறும். வலையில் உலர்புல்லை நிரப்பி, கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள்.

எடையோடு உடல்வாகையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். 1983இல் ஹென்னெக் என்பவரும் அவருடைய சகாக்களும் வகுத்த 1 முதல் 9 வரையிலான மதிப்பெண் முறை இன்றும் உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. கழுத்து, திமில், தோளின் பின்பக்கம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களை அழுத்திப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். விலா கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் தொட்டால் எளிதாகத் தட்டுப்பட்டால் அது 5. அதுதான் நல்ல நிலை. உங்கள் மட்டக் குதிரையின் விலாவைத் தேட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மாதம் ஒருமுறை ஒரே ஆள் தடவிப் பார்த்து எழுதி வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

உலர்புல்லைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் போல ஊறவைத்து வடித்தால் சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போய்விடும். எவ்வளவு போகும் என்பது புல்லுக்குப் புல் மாறும் என்பதால் அதையே நம்பியிருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துச் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் பார்த்துவிடுவது நல்லது. ஊறவைத்த நீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். வெயில் காலத்தில் ஊறிய புல் சீக்கிரம் புளித்துவிடும், ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஊறப்போடுங்கள்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன்.

புல்லின் வேரும் இலையும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்பவை. இலையில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் போய்விட்டால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். திரும்பத் திரும்பக் கடிபட்டால் வேர் குட்டையாகி, அடுத்த வறட்சியில் புல் செத்துப்போகும். அந்த வெற்றிடத்தில்தான் களை வருகிறது. நீங்கள் நினைப்பதுபோலக் களை புல்லைக் கொல்லவில்லை; புல் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்போதைய நிலையில் விதை தூவினால், முளைத்த மறுவாரமே இரண்டு குதிரைகளும் அதை வேரோடு பிடுங்கித் தின்றுவிடும்.

செய்ய வேண்டியது இது. நிலத்தில் மேடான, நீர் தேங்காத ஒரு மூலையை எடுத்து, புல் இல்லாத கட்டாந்தரைப் பட்டியாக ஆக்குங்கள். நிழல், குடிநீர், உலர்புல் வைக்கும் இடம், உப்புக்கட்டி எல்லாம் அதற்குள் இருக்கட்டும். மீதி நிலத்தை நான்கு பிரிவாக மின்வேலி நாடாவால் பிரித்து, நான்கும் அந்தப் பட்டியைப் பார்த்துத் திறக்கும்படி அமையுங்கள். அப்போது ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாகத் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டியதில்லை. புல் 15 முதல் 20 சென்டிமீட்டர் வளர்ந்தால் ஒரு பிரிவைத் திறங்கள். 8 முதல் 10 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் மூடுங்கள். பிறகு அந்தப் பிரிவு நன்றாக வளரும் பருவத்தில் மூன்று நான்கு வாரமும், மந்தமான பருவத்தில் அதற்கும் மேலாகவும் ஓய்வெடுக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்துத் திறக்காதீர்கள், ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எந்தப் பிரிவும் தயாராக இல்லையென்றால் குதிரைகள் பட்டியில் உலர்புல் தின்றுகொண்டு நிற்கும். மழையில் நிலம் சொதசொதப்பாக இருக்கும் நாட்களிலும் அப்படித்தான். ஒரு பருவம் முழுக்க மேய்ந்து ஆகும் சேதத்தை ஈர மண்ணில் குளம்புகள் சில நாட்களிலேயே செய்துவிடும்.

இங்கேதான் பெரும்பாலான உரிமையாளர்கள் தடுமாறுகிறார்கள். குதிரையைப் புல்வெளியில் பார்ப்பதே மகிழ்ச்சி. அதைக் கட்டாந்தரையில் நிறுத்துவது கொடுமையாகத் தோன்றுகிறது. பட்டி விசாலமாக இருந்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, வாயில் போட நார்த்தீவனம் எப்போதும் கிடைத்தால் அதில் கொடுமை எதுவும் இல்லை. உலர்புல்லைச் சின்னக் கண்ணுள்ள வலையில் போட்டு இரண்டு மூன்று இடங்களில் தொங்கவிட்டால் நடந்து நடந்து மெதுவாகத் தின்னும். வெறும் மண்ணில் கொட்டாதீர்கள், மணலைச் சேர்த்து விழுங்கினால் அது பெருங்குடலில் படிந்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

பெட்டைக் குதிரை திறந்த பிரிவில் மேயும்போது மட்டக் குதிரையும் கூடப் போகத் துடிக்கும். மருத்துவர் அனுமதித்த பிறகு, வாய்க்கூடை மாட்டி அனுப்பலாம். நன்றாகப் பொருந்திய வாய்க்கூடை மேய்ச்சலை ஐந்தில் நான்கு பங்கு வரைக்கும் குறைத்துவிடும். வாய்க்கூடை இல்லாமல் "இரண்டு மூன்று மணி நேரம் மட்டும்" விடுவது பலன் தராது. நேரம் குறைவு என்று தெரிந்துகொண்ட மட்டக் குதிரை வேகமாக மேயக் கற்றுக்கொள்ளும். கூடையை மாட்டியபடி தண்ணீர் குடிக்க முடிகிறதா, மூக்கில் உரசுகிறதா என்று தினமும் பாருங்கள்.

வாயிலருகே சேறு பற்றி இரண்டே வரி. மேலே கிடக்கும் லத்தியும் சேறும் கலந்த மண்ணை வழித்து அகற்றி, மண்விரிப்புத் துணி பரப்பி, முதலில் பெருஜல்லி, அதன்மேல் பொடிஜல்லி போட்டு அழுத்துங்கள். சேற்றின்மேல் நேரடியாக ஜல்லியோ வைக்கோலோ கொட்டினால் அடுத்த மழைக்கு அது உள்ளே போய்விடும்.

வேலி முள்கம்பியாக இருந்தால் அதை முதல் செலவாக வைத்து மாற்றுங்கள். குதிரை மிரண்டால் ஓடும் பிராணி, முள்கம்பியில் சிக்கினால் நின்று யோசிக்காது. அகலமான மின்நாடா அதன் கண்ணில் படும்.

நீங்கள் எந்தப் பருவநிலையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் புல்வகைகளைப் பற்றி இரண்டுக்கும் சொல்கிறேன். குளிர்ப் பிரதேசமாக இருந்தால் திமோதி, ஆர்ச்சர்டு புல் போன்றவை பொருத்தம். பால்மாடுகளுக்காகச் சர்க்கரை ஏற்றி உருவாக்கிய ரைகிராஸ் வகைகளைக் கொழுத்த குதிரைக்கு வேண்டாம் என்பேன். டால் ஃபெஸ்க்யூ புல்லில் குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை, சினைக் குதிரைக்குப் பேறுகாலத்தைத் தள்ளிப்போட்டு மடியில் பாலையும் வற்றச் செய்யும். வெப்பப் பிரதேசத்தில் அருகம்புல்லைப் போல மிதியும் கடியும் தாங்குகிற புல் குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது ஆக்ஸலேட். கொழுக்கட்டைப் புல், கினியாப் புல், கிகுயூ, செட்டேரியா போன்றவற்றில் இருக்கும் ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் அசைபோடும் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. மாதக்கணக்கில் அதையே மேய்ந்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். இடம் மாறும் நொண்டலும், முக எலும்பு வீங்குவதும் வரும். அதிகமாகத் தவிடு போட்டாலும் இதே நோய்தான் வருகிறது, ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் அளவுக்கு மீறி இருக்கிறது. வழக்கமாகத் தவிடு கொடுக்கிறீர்கள் என்றால் குறைத்துவிடுங்கள். பெட்டைக் குதிரைக்குக் கொஞ்சம் குதிரை மசால் சேர்ப்பது நல்ல ஈடு. அதில் கால்சியம் நிறைய உண்டு.

ஒரு பருவம் ஓய்வு கொடுத்தால் இருக்கும் புல்லே எவ்வளவு மீள்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு விதையைப் பற்றி யோசியுங்கள். மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் உரமும் போட வேண்டாம். புதிதாக விதைத்த இடத்தில், கையால் பிடித்து இழுத்தால் வேரோடு வராமல் இலை அறுபடும் நிலை வந்தால்தான் குதிரையை விடலாம்.

களையைப் பூக்கும் முன் வெட்டுவது பாதி வெற்றி. மருந்து தெளித்தால் களை முழுதாகக் காய்ந்து அகலும்வரை குதிரைகளை அங்கே விடாதீர்கள். பச்சையாக இருக்கும்போது கசப்பால் ஒதுக்கும் நச்சுச்செடியை வாடிய பிறகு குதிரை தின்றுவிடும். ராக்வார்ட், கிலுகிலுப்பை போன்ற செடிகளின் நஞ்சு ஈரலைச் சிறுகச் சிறுக அரிக்கும். அறிகுறி தெரியும்போது தின்று மாதங்கள் ஆகியிருக்கும். உலர்புல்லோடு கட்டுப்பட்டு வந்தாலும் அதன் வீரியம் குறையாது. வேலியோரத்தில் அரளி இருந்தால் இன்றே வேரோடு எடுத்துவிடுங்கள், சில இலைகளே ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். உண்ணிச்செடி, ஆமணக்கு, யூ மரம் ஆகியவற்றுக்கும் மேய்ச்சல் நிலத்தருகே இடமில்லை. புல்தரையை வெட்டிய குவியலை அக்கம்பக்கத்தார் அன்போடு வேலிக்கு மேல் கொட்டுவார்கள். அதை நயமாகத் தடுத்துவிடுங்கள். மெல்லாமல் விழுங்கப்படும், வயிற்றுக்குள் வேகமாகப் புளிக்கும்.

புழு மருந்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மருந்து என்பது, வேறு இனப் புழுக்கள் முக்கியமாக இருந்த காலத்தில் வகுத்த கணக்கு. இன்று வளர்ந்த குதிரைகளில் முக்கியமானவை சிறு ஸ்ட்ராங்கைல்கள் என்னும் குடற்புழுக்கள். அவற்றில் பல, பழைய மருந்துகளுக்கு மசியாமல் போய்விட்டன. புதிய மருந்துகளிலும் எதிர்ப்பு தலைகாட்டுகிறது. அடிக்கடி கொடுக்கக் கொடுக்க, மருந்தைத் தாங்கும் புழுக்களை மட்டும் பொறுக்கி வளர்க்கிறோம். எடையைக் குறைவாக மதிப்பிட்டு அளவைக் குறைத்துக் கொடுத்தாலும் அதேதான், அளவுநாடா இங்கேயும் உதவும்.

மாற்று வழி லத்திச் சோதனை. ஒரு கிராம் லத்தியில் எத்தனை புழுமுட்டை இருக்கிறது என்று எண்ணுவார்கள். ஒரு மந்தையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக் குதிரைகளே பெரும்பகுதி முட்டைகளைக் கழிக்கின்றன. பல வளர்ந்த குதிரைகள் 200க்கும் கீழேயே நிற்கும், அவற்றுக்கு அடிக்கடி மருந்து வேண்டியதில்லை. மருந்து கொடுத்த இரண்டு வாரத்தில் மறுபடி எண்ணினால் அது வேலை செய்ததா என்பதும் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் நாடாப்புழு சரியாகத் தெரியாது; குடல் சுவரில் கூடுகட்டி உறங்கும் இளம்புழுக்களும் தெரியாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, பொதுவாக மேய்ச்சல் பருவத்தின் முடிவில், அவற்றுக்கென்று மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுப்பது வழக்கம். குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மருந்தைவிட மண்வெட்டியும் கூடையும் பலமானவை. குதிரைகள் தாமே நிலத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும்: ஒட்ட மேய்கிற பகுதி ஒன்று, லத்தி போடுவதற்கென்று ஒதுக்கிய உயரமான புல்பகுதி ஒன்று. முட்டையிலிருந்து வந்த புழுக்குஞ்சுகள் லத்தியைச் சுற்றியே இருப்பதால், அந்தப் புல்லை ஒதுக்குவது குதிரையின் தற்காப்பு. பலரும் அழகுக்காகப் பரம்படித்து லத்தியை நிலம் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். புழுக்களை விதைப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. கடும் வெயிலும் வறட்சியும் உள்ள காலத்தில் பரம்படித்து, பல வாரம் அந்தப் பிரிவை மூடி வைக்க முடிந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாவிட்டால் வாரம் இருமுறை லத்தியை அள்ளுங்கள். வெதுவெதுப்பான ஈர நாட்களில் முட்டை ஒரு வாரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும் என்பதால்தான் இந்தக் கணக்கு.

உங்கள் இரண்டும் சேர்ந்து நாளுக்கு 30 கிலோவுக்கு மேல் லத்தியும் சிறுநீரும் கழிக்கும். அள்ளியதைக் குவித்து, ஈரம் காக்கவும் கிளறவும் செய்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி, முட்டைகளும் களை விதைகளும் செத்துப்போகும். முழுதாக மக்காததை மேய்ச்சல் நிலத்தில் போடாதீர்கள். உரத்தைக் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுப்பதானால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உலர்புல் விளைந்த நிலத்தில் அமினோபைராலிட் களைக்கொல்லி தெளித்தார்களா? அது குதிரையின் வயிற்றையும் உரக்குழியையும் தாண்டி வந்து தக்காளி, அவரைச் செடிகளைச் சுருட்டிவிடும். மருந்து கொடுத்த அடுத்த சில நாட்களின் லத்தியை நாய்கள் தின்னவிடாதீர்கள். ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்து சில நாய் இனங்களுக்குக் கொடிய நஞ்சு.

பெட்டைக் குதிரையின் மங்கிய மயிருக்குப் புழு ஒரு சாத்தியம் மட்டுமே. லத்திச் சோதனையில் முட்டை குறைவு என்று வந்தால் பல்லைப் பாருங்கள். குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க மேலெழும்பி, தேய்ந்துகொண்டே இருக்கும். சமமாகத் தேயாதபோது ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால், லத்தியில் நீளநீளமான நார் தெரிந்தால், பல்லைச் சரிசெய்ய ஆள் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது எப்படியும் நல்லது. அதோடு, மட்டக் குதிரை இதை விரட்டிவிட்டு இரண்டு பங்கையும் தானே தின்கிறதா என்றும் ஒளிந்திருந்து பாருங்கள். மட்டக் குதிரைகள் உருவத்தில் சிறியவை, அதிகாரத்தில் அப்படியில்லை.

தீவனத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்ல அதிகம் இல்லை. கடுமையான வேலை செய்யாத குதிரைக்கு நல்ல உலர்புல், உப்பு, உலர்புல்லில் இல்லாத தாதுக்களை ஈடுசெய்யும் சிறிய அளவுத் தாதுக்கலவை, தண்ணீர் போதும். 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் உப்பு, வியர்த்தால் இன்னும் கூடுதல். தண்ணீர் 25 முதல் 50 லிட்டர், வெயிலில் அதற்கும் மேலே. பெட்டைக் குதிரைக்குத் தானியம் தேவைப்பட்டால் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டாதீர்கள். சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள நுண்ணுயிர்களின் சமநிலை குலையும். அதே காரணத்தால் எந்தத் தீவன மாற்றத்தையும், பட்டியிலிருந்து புதுப் புல்லுக்குப் போவதையும்கூட, பத்து நாட்களுக்குக் குறையாமல் படிப்படியாகச் செய்யுங்கள். பூசணம் பிடித்த எதையும் கொடுக்க வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தவறி உள்ளே போனது வெளியே வர வழியில்லை.

அமைதியாக நிற்கும் நாளில் இரண்டுக்கும் வெப்பநிலையும் நாடியும் மூச்சும் எடுத்து எழுதி வையுங்கள். ஓய்வில் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி, நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 வரை இருப்பது இயல்பு. தரையைக் கால்களால் தேய்ப்பது, வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது போன்றவற்றைக் கண்டால் தீவனத்தை எடுத்துவிட்டு, இந்த எண்களோடு மருத்துவரை அழையுங்கள். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். மட்டக் குதிரைக்கு அடுத்த செதுக்கலுக்கு முன் குளம்பை எக்ஸ்ரே எடுத்து லாடக்காரரிடம் காட்டுங்கள். உள்ளே எலும்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியாமல் செதுக்குவது ஊகம்தான். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், தடுப்பூசி இரண்டுக்கும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கிருமி மண்ணில் வாழ்வது, குதிரை அதற்கு மிக எளிதில் இரையாவது.

கடைசியாக, மூன்றாவது குதிரை. வேண்டாம். வளரும் பருவத்தில்கூட ஒரு குதிரைக்கு ஒன்று முதல் இரண்டு ஏக்கர் என்பதே நன்றாகப் பராமரித்த நிலத்துக்கான கணக்கு. உங்களுடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. இரண்டுக்கும் ஒன்றையொன்று துணை போதும். நிலத்தில் இன்னொரு ஜீவன் வேண்டும் என்று ஆசையாக இருந்தால், சில செம்மறிகளையோ ஒரு மாட்டையோ குதிரைகள் விட்டுப்போன பிரிவில் மேய விடுங்கள். குதிரை ஒதுக்கிய உயரப்புல்லை அவை தின்று சமன் செய்யும். குதிரையின் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் வளராமல் செத்துப்போகும். அப்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: தீவனங்களைத் தனித்தனி அறையில் பூட்டி வையுங்கள். மாடு, கோழித் தீவனங்கள் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்னும் மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொல்லும். குதிரையின் தாதுக்கலவையில் உள்ள செம்பு, செம்மறிக்கு நஞ்சு.